எக்செல் ஷீட்டில் விட்டுப்போன கேள்வி: அங்கே யார் பாடம் எடுக்கிறாங்க?

ஃபைனல் இயர் வந்துவிட்டால் ஹாஸ்டலில் ஒரு எக்செல் ஷீட் சுற்ற ஆரம்பிக்கும். யுனிவர்சிட்டி பெயர், ரேங்க், ஃபீஸ், ஜி.ஆர்.இ. வேண்டுமா வேண்டாமா, கடைசித் தேதி, சராசரிச் சம்பளம், அந்த ஊரில் குளிர் எவ்வளவு அடிக்கும் என்பது வரை எல்லாம் இருக்கும். எம்.எஸ். போகிறவன் கையில் ஒரு ஷீட், எம்.பி.ஏ. கனவு காண்கிறவன் கையில் இன்னொன்று. "கோடிங்கோ ரிசர்ச்சோ வாழ்நாள் முழுக்க வேண்டாம், ஆனா இன்ஜினியரிங்கை விடவும் மனசில்லை" என்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் எம்.இ.எம்., அதாவது மாஸ்டர் ஆஃப் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட். அந்த ஷீட்டும் எனக்கு வந்தது. எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. அங்கே பாடம் எடுக்கிறவர்கள் யார்? எப்படி எடுக்கிறார்கள்?

எம்.எஸ். என்றால் இந்தக் கேள்வியை நாமே கேட்டுவிடுவோம். எந்த புரொஃபசர், எந்த லேப், என்ன பேப்பர் போட்டிருக்கிறார் என்று தோண்டித் துருவுவோம். எம்.இ.எம். விஷயத்தில் மட்டும் ஏனோ கேட்பதில்லை. உண்மையில் அங்கேதான் அதிகம் கேட்க வேண்டும். சிலபஸ் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கொஞ்சம் ஃபைனான்ஸ், கொஞ்சம் மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், டேட்டா, சட்டம். இதெல்லாம் புத்தகமாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். பேங்க் லோன் போட்டுக் கட்டுகிற மீதி லட்சங்களுக்கு நீங்கள் வாங்குவது வாத்தியார்களையும் அந்த வகுப்பறையையும்தான்.

சந்தேகமாக இருந்தால் நம்ம பி.ஓ.எம். பேப்பரை நினைத்துப் பாருங்கள். பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட். ஃபயோலின் 14 கொள்கைகள், 13 மார்க் கேள்வி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒருத்தன் சத்தமாகப் படிக்க, மற்ற நாலு பேர் படுத்தபடி காதால் கேட்டே பாஸ் பண்ணின பேப்பர். ஆன்றி ஃபயோல் என்பவர் யார் என்று அந்த ராத்திரி யாராவது கேட்டோமா? அவர் ஒரு சுரங்க இன்ஜினியர். 1860-ல், 19 வயதில், பிரான்ஸின் கொமென்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பூமிக்கு அடியில் பிடிக்கிற நெருப்பை எப்படி அணைப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர். 1888-ல் கம்பெனி மூழ்கப்போகிற நிலையில் அதன் தலைமைக்கு வந்து, 1918 வரை நடத்திக் கரையேற்றினார். அந்த 14 கொள்கைகளும் 1916-ல் அவர் எழுதி வெளியிட்டவை. அடுத்த பாடத்தில் வருகிற டெய்லரும் இன்ஜினியர்தான். ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 1883-ல் மெக்கானிக்கல் பட்டம் வாங்கியவர். மேனேஜ்மென்ட் என்கிற பாடத்தையே பட்டறையிலும் சுரங்கத்திலும் நின்ற இன்ஜினியர்கள் ஆரம்பித்து வைத்தார்கள். நம்மிடம் வந்து சேரும்போது அது 14 பாயின்ட்டாகக் காய்ந்துபோய்விட்டது. பாயின்ட்டில் குறை எதுவும் இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்டுக்கென்று தனி டிபார்ட்மென்ட் முதன்முதலில் வந்தது 1967-ல், மிசூரி மாநிலத்தில் ரோலா என்கிற சின்ன ஊரில். இன்று அந்தக் கல்லூரியின் பெயர் மிசூரி எஸ் அண்ட் டி. அதற்குத் தலைமையேற்ற பெர்னார்ட் சார்செட் தொழில்துறையில் இருந்து வந்தவர். இன்று டியூக், டார்ட்மத், கார்னெல், நார்த்வெஸ்டர்ன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டஃப்ட்ஸ் என்று பல இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் இதே குடும்பத்துப் படிப்புக்குப் பெயர் மேனேஜ்மென்ட் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங். எம்.ஐ.டி.யில் சிஸ்டம் டிசைன் அண்ட் மேனேஜ்மென்ட். பெயர்கள்தான் வேறு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே தலைவலி: பாதி இன்ஜினியரிங், பாதி மேனேஜ்மென்ட் என்றால் பாடம் எடுக்க ஆளை எங்கிருந்து பிடிப்பது?

பொதுவாக மூன்று திசையில் இருந்து பிடிக்கிறார்கள்.

முதல் திசை, இன்ஜினியரிங் ஸ்கூலிலேயே இருக்கிற ஆராய்ச்சிப் பேராசிரியர்கள். டெனியூர் டிராக் என்று சொல்வார்களே, அவர்கள். ஆப்டிமைசேஷன், ரிஸ்க், டிசிஷன் அனாலிசிஸ் மாதிரி கணக்கு அதிகமுள்ள பாடங்கள் இவர்கள் கையில். இரண்டாவது, பக்கத்து பில்டிங்கில் இருக்கிற பிசினஸ் ஸ்கூல். டார்ட்மத்தின் எம்.இ.எம்.மை அங்குள்ள தேயர் இன்ஜினியரிங் ஸ்கூலும் டக் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து நடத்துகின்றன. தேயர் 1867-ல் தொடங்கியது. டக் 1900-ல் தொடங்கியது, மேனேஜ்மென்ட்டில் முதுகலைப் பட்டம் கொடுத்த முதல் ஸ்கூல் அதுதான். அதனால் அங்கே மேனேஜ்மென்ட் பாடத்துக்கு எம்.பி.ஏ. வாத்தியாரே வருவார். மூன்றாவது திசை கம்பெனிகள். இருபது வருஷம் ப்ராடக்ட் செய்து விற்றவர், ஃபேக்டரி நடத்தியவர், பேட்டன்ட் வழக்கு வாதாடிய வக்கீல், ஸ்டார்ட்அப் ஆரம்பித்து ஒன்றை விற்று இரண்டை மூடியவர்.

இந்த மூன்றாவது வகைக்கு அங்கே ஏகப்பட்ட பட்டப்பெயர்கள். டியூக்கில் புரொஃபசர் ஆஃப் தி ப்ராக்டிஸ், சில இடங்களில் கிளினிக்கல் புரொஃபசர் (ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாதீங்க), லெக்சரர், அட்ஜங்ட், எக்ஸிக்யூட்டிவ் இன் ரெசிடென்ஸ். எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். புரொஃபசர் ஆஃப் தி ப்ராக்டிஸ் பெரும்பாலும் முழுநேர ஆள். அவருக்கு ரூம் இருக்கும், கதவைத் தட்டலாம், உங்களுக்கு ரெகமண்டேஷன் எழுதுவார். அட்ஜங்ட் என்றால் பகுதிநேரம். பகலில் வேறு வேலை, சாயங்காலம் வந்து மூன்று மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுக் கார் ஏறிவிடுவார். அட்ஜங்ட்டில் அபாரமானவர்கள் உண்டு. ஆனால் வகுப்பு முடிந்த பிறகு அவரைப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

பகுதிநேரம் என்பதாலேயே குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீங்க. பாஸ்டன் பக்கத்தில் கார்டன் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று 1984-ல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் பெர்னார்ட் கார்டன், அனலாஜிக் கம்பெனியை உருவாக்கிய இன்ஜினியர். தொழிலில் நின்றவர்கள்தான் இன்ஜினியர்களைத் தலைவர்களாக்க முடியும் என்கிற பிடிவாதத்தில் தொடங்கிய இடம் அது. பிற்பாடு டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டியோடு சேர்ந்துவிட்டது. நம்ம நாட்டிலும் இந்த யோசனை வந்துவிட்டது. 2022-ல் யு.ஜி.சி. புரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ் பதவிக்கு விதிமுறை வெளியிட்டது. தன் துறையில் குறைந்தது 15 வருஷ அனுபவம் இருந்தால் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை, மொத்த ஆசிரியர் இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கல்லூரியில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

ஆள் வகை இருக்கட்டும். இப்போது வகுப்புக்குள்ளே போவோம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். எச்சரிக்கை: சினிமா கிளைமாக்ஸைச் சொல்லிவிடுவது மாதிரிதான் இது. நாளைக்கே இந்தப் படிப்புக்குக் கிளம்புகிறவர்கள் அடுத்த ஆறு பாராவைத் தாண்டிப் போய்விடலாம்.

கேஸின் பெயர் கார்ட்டர் ரேசிங். பிரிட்டன், சிட்கின் என்கிற இரண்டு பேராசிரியர்கள் எழுதியது. சிட்கின் பிறகு டியூக்கின் பிசினஸ் ஸ்கூலில் பாடம் எடுத்தவர். வாத்தியார் உள்ளே வந்து ஆளுக்குச் சில பக்கங்கள் கொடுப்பார். நீங்கள் ஒரு கார் ரேஸ் டீமின் சொந்தக்காரர். இன்னும் ஒரு மணி நேரத்தில் ரேஸ். இந்த சீசனில் உங்கள் கார் 24 ரேஸ் ஓடியது, அதில் 7 முறை இன்ஜின் கேஸ்கெட் போய்விட்டது. இன்றைக்கு டிவியில் நேரலை. நன்றாக முடித்தால் பெரிய ஸ்பான்சர் கையெழுத்துப் போடுவார். நடுவழியில் இன்ஜின் வெடித்தால் இருக்கிற ஸ்பான்சரும் போய்விடுவார். இன்றைக்கு வழக்கத்தை விட நல்ல குளிர். குளிர்தான் கேஸ்கெட்டைக் கெடுக்கிறது என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். அப்படித் தெரியவில்லையே என்கிறார் இன்னொருவர். ஏழு முறை கெட்டபோது வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்று ஒரு கிராஃபும் இருக்கிறது. பார்த்தால் புள்ளிகள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும். குளிரிலும் கெட்டிருக்கிறது, வெயிலிலும் கெட்டிருக்கிறது.

ஓடலாமா, வேண்டாமா? குழுக் குழுவாக உட்கார்ந்து சண்டை போடுவார்கள். ஒருவர் ப்ராபபிலிட்டி போடுவார், ஒருவர் டிசிஷன் ட்ரீ வரைவார். எக்ஸ்பெக்டட் வேல்யூ ஓடச் சொல்கிறது என்று ஒருவர் முடித்து வைப்பார். பெரும்பாலும் "ஓடுவோம்" என்கிற கட்சிதான் ஜெயிக்கும். வாத்தியார் நடுநடுவே ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்: வேறு தகவல் ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். அது யார் காதிலும் விழாது. கையில் இருக்கிற கணக்கைப் போட்டு முடிப்பதிலேயே எல்லோருக்கும் அவசரம். நாமும் அப்படித்தானே பழகியிருக்கிறோம்? "கிவன் டேட்டா" என்று எழுதிவிட்டால் கணக்குக்கு வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

கேட்டிருக்க வேண்டிய தகவல் இதுதான்: கேஸ்கெட் கெடாத மற்ற 17 ரேஸில் வெப்பநிலை என்ன?

பிறகு வாத்தியார் திரையை விலக்குவார். இது கார் கதை இல்லை. எண்கள் சேலஞ்சர் விண்கலத்தினுடையவை. ராக்கெட் பூஸ்டரின் இணைப்பில் இருந்த ஓ-ரிங்தான் அந்தக் கேஸ்கெட். ரோஜர்ஸ் கமிஷன் பின்னால் கணக்குப் பார்த்தபோது, 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் பறந்த 20 முறையில் 3 முறைதான் ஓ-ரிங்கில் பாதிப்பு. 63 டிகிரியிலும் அதற்குக் கீழேயும் பறந்தது 4 முறை. நாலு முறையும் பாதிப்பு. கெட்டதை மட்டும் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. கெடாததையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும். 1986 ஜனவரி 28 காலை ஏவும்போது வெப்பநிலை 36 டிகிரி, நம்ம கணக்கில் சுமார் 2 டிகிரி செல்சியஸ். ஏவிய 73-வது விநாடியில் கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி வருவது இங்கேதான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் "ஓடுவோம்" என்று கை தூக்கியவர்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.

நல்ல வாத்தியார் இத்தோடு விடமாட்டார். முந்தின ராத்திரி நடந்த டெலிகான்ஃபரன்ஸுக்குப் போவார். பூஸ்டர் செய்த மார்ட்டன் தயோக்கால் கம்பெனியின் இன்ஜினியர்கள், ரோஜர் பாய்ஜொலி உட்பட, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அதாவது, நம்ம வகுப்பு மாதிரி அவர்கள் தூங்கவில்லை. நாசா தரப்பில் இருந்து அழுத்தம் வந்தது. கம்பெனிக்காரர்கள் தனியே பேச இடைவேளை எடுத்தார்கள். அப்போது மேலதிகாரியான ஜெரால்ட் மேசன், இன்ஜினியரிங் பிரிவின் துணைத்தலைவர் ராபர்ட் லண்டிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். லண்ட் தன் முடிவை மாற்றிக்கொண்டார். கமிஷன் விசாரணையில் பதிவான விஷயம் இது. என்னைக் கேட்டால், இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் என்று ஒரு படிப்பு எதற்கு என்கிற கேள்விக்கு இந்த ஒரு சம்பவம் போதும். ஒரு தொப்பியைக் கழற்றினால்தான் இன்னொன்றைப் போட முடியும் என்று அந்த அறையில் ஒருவர் நம்பினார், இன்னொருவர் ஒத்துக்கொண்டார்.

இந்த ஒரு வகுப்பை எடுக்க எத்தனை தெரிய வேண்டும் என்று யோசியுங்கள். புள்ளியியல் தெரிய வேண்டும். ஒரு கூட்டம் எப்படித் தப்பான முடிவுக்கு நகர்கிறது என்கிற மனோதத்துவம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். வெறும் அனுபவக் கதை சொல்கிற வாத்தியாருக்கு அது வராது, ஸ்லைடைப் படிக்கிற வாத்தியாருக்கும் வராது.

விண்கலத்தில் இருந்தே இன்னொரு உதாரணம், இது ஆராய்ச்சிப் பேராசிரியர் வகைக்கு. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் பாட்டே-கார்னெல் என்பவர், மேனேஜ்மென்ட் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்டுக்குத் தலைவராக இருந்தவர், ரிஸ்க் அனாலிசிஸ் ஆள். விண்கலத்தின் அடியில் வெப்பத்தைத் தாங்க ஆயிரக்கணக்கில் ஓடுகள் ஒட்டியிருக்கும். அதில் எது கழன்று விழுந்தால் ஆபத்து என்று அவரும் பால் ஃபிஷ்பெக்கும் 1990-ல் நாசாவுக்காக ஆராய்ந்தார்கள். சுமார் 15 சதவீத ஓடுகளில்தான் மொத்த ஆபத்தில் 85 சதவீதம் இருக்கிறது என்று கண்டார்கள். இதுவரை சுத்தமான இன்ஜினியரிங். ஆனால் ஓடு ஏன் சரியாக ஒட்டவில்லை என்று கீழே இறங்கிப் பார்த்தால் வேலை நேர நெருக்கடி, ஓடு ஒட்டுகிறவர்களுக்கு மற்ற டெக்னீஷியன்களை விடக் குறைந்த சம்பளம் என்று போகிறது. பசை சீக்கிரம் இறுகட்டும் என்று அதில் எச்சில் துப்பின கதைகூட அதில் வெளிவந்தது. சொல்லுங்கள், எச்சில் துப்பினது மெட்டீரியல்ஸ் பாடமா, ஹெச்.ஆர். பாடமா? இப்படி ஓட்டில் ஆரம்பித்துச் சம்பளப் பட்டியல் வரைக்கும் ஒரே மூச்சில் போகத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்கு வேண்டிய வாத்தியார்.

எல்லா வகுப்பும் இப்படி நெஞ்சை அழுத்தாது. சிரிப்பு வகுப்பும் உண்டு. பியர் கேம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, ஒரு சொட்டு பியர் கிடையாது. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் என்கிற எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் இருந்தார். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களின் காந்த வளைய மெமரியில் பெரும் பங்கு அவருடையது. 1956-ல் அதை விட்டுவிட்டு மேனேஜ்மென்ட் ஸ்கூலுக்கு மாறினார். கம்பெனியும் ஒரு ஃபீட்பேக் சிஸ்டம்தானே, கன்ட்ரோல் தியரி இங்கேயும் செல்லுமே என்பது அவர் வாதம். அவருடைய வழியில் வந்தது இந்த விளையாட்டு. நாலு பேர் ஒரு டீம்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேக்டரி. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. வாராவாரம் ஆர்டர் சீட்டு மட்டும் மேலே போகும், சரக்கு சில வாரம் தாமதமாகக் கீழே வரும். சரக்கு தேங்கினாலும் காசு, தட்டுப்பட்டால் இரட்டைக் காசு.

வாடிக்கையாளர் முதல் நாலு வாரம் வாரத்துக்கு நாலு பெட்டி வாங்குவார். ஐந்தாவது வாரம் எட்டாகும். அதற்கப்புறம் கடைசி வரை எட்டுதான். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் மேஜையில் பூகம்பமே வரும். சரக்கு வரவில்லை என்று பயந்து கடைக்காரர் கூடுதலாகக் கேட்பார், மொத்த வியாபாரி அதைவிடக் கூடுதலாகக் கேட்பார், ஃபேக்டரிக்குப் போவதற்குள் எண் எங்கேயோ ஏறியிருக்கும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கிக் கோடவுன் நிரம்பி வழியும். ஜான் ஸ்டெர்மன் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், டீம்களுக்கு ஆன செலவு சராசரியாகத் தேவைப்பட்டதைவிடப் பத்து மடங்கு.

முடிந்ததும் வாத்தியார் எல்லோரையும் ஒரு படம் வரையச் சொல்வார்: வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார்? பெரும்பாலானவர்கள் மலையும் பள்ளமுமாக அலை வரைவார்கள், தப்பெல்லாம் கஸ்டமர் மேல்தான் என்று. வாத்தியார் போர்டில் ஒரே ஒரு படி மட்டும் வரைவார். இதை புல்விப் எஃபெக்ட் என்று நம்ம சப்ளை செயின் நோட்ஸில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருப்போம். எழுதினவன் மறந்துவிடுவான். பக்கத்து ஆளைத் திட்டிக்கொண்டே பத்து மடங்கு நஷ்டம் பண்ணினவன் மறக்க மாட்டான்.

இங்கே நம்ம ஆட்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நாலு வருஷம் (ஸ்கூலையும் சேர்த்தால் பதினாறு வருஷம்) கேட்டு, எழுதி, ஒப்பித்துப் பழகியவர்கள் நாம். அங்கே கேஸ் வகுப்பில் பேசுவதற்கே மார்க். பல பாடங்களில் வகுப்புப் பங்கேற்பு கிரேடில் ஒரு பகுதி. கோல்டு கால் என்று ஒன்று உண்டு: கை தூக்காத ஆளைப் பார்த்து, பெயர் சொல்லி, நீ என்ன முடிவு எடுப்பாய் என்று கேட்பது. "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு சார்" என்றால் போதாது. எந்தப் பக்கம், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் முதல் மாதம் முழுக்க வாயே திறக்கவில்லையாம். இங்கிலீஷ் பிரச்சினை இல்லை. சரியான பதில் மனசில் முழுசாகத் தயாராகும் வரை காத்திருந்திருக்கிறார், அதற்குள் வகுப்பு அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருக்கும். அரைகுறை யோசனையைத் துணிந்து வெளியே வைப்பதும், ஒருவர் அதை உடைத்தால் கோபப்படாமல் இருப்பதும்தான் அந்தப் படிப்பில் தான் கற்றுக்கொண்ட முதல் பாடம் என்றார்.

டீமையும் பல சமயம் வாத்தியாரே பிரித்துவிடுவார். நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் சேர்ந்து ரூம்மேட் டீம் போட முடியாது. கடைசியில் டீம் மேட்டுக்கு டீம் மேட் மார்க் போடுகிற முறையும் உண்டு. மினி ப்ராஜெக்ட்டில் ஒருத்தன் மட்டும் வேலை செய்து, மற்ற மூன்று பேர் பைண்டிங் கடைக்குப் போகிற நம்ம பாரம்பரியம் அங்கே செல்லாது. (சிலருக்கு இதுவே பெரிய அதிர்ச்சி.)

இப்போது கசப்பான பக்கம். இதுவரை சொன்னது நல்ல இடத்தில், நல்ல வாத்தியாரிடம் நடப்பது. எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்தப் படிப்பு யுனிவர்சிட்டிக்கு ஃபீஸ் கொண்டு வருகிற படிப்பு, பிஎச்.டி. மாதிரி அவர்கள் செலவழித்து நடத்துகிற படிப்பு இல்லை. ஆர்.ஏ., டி.ஏ. என்று சம்பளத்தோடு வேலை கிடைப்பது எம்.எஸ். தீசிஸ் மாணவர்களை விட இங்கே குறைவு. வகுப்பை எண்பது, நூறு பேருக்குப் பெரிதாக்கிவிட்டால் கேஸ் டிஸ்கஷன் வெறும் லெக்சராகச் சுருங்கிவிடும். எல்லாப் பாடமும் அட்ஜங்ட் கையில் போய்விட்டால், வருஷா வருஷம் ஆள் மாறுவார்கள். போன வருஷம் சீனியர் புகழ்ந்த வாத்தியார் இந்த வருஷம் இருக்க மாட்டார். அனுபவக் கதை மட்டுமே சொல்கிற வாத்தியார் இன்னொரு ஆபத்து. முதல் இரண்டு வாரம் ஜாலியாக இருக்கும். பத்தாவது வாரத்தில், அவர் கம்பெனியில் 1998-ல் நடந்தது நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் பதில் இருக்காது. நேர் எதிர்ப்பக்கமும் உண்டு: ஆராய்ச்சியில் புலி, ஆனால் ஒரு ஃபேக்டரிக்குள்ளும் கால் வைக்காதவர்.

அதனால் அந்த எக்செல் ஷீட்டில் இன்னும் சில கட்டங்கள் சேருங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

ப்ரோகிராம் வெப்சைட்டில் ஃபேகல்டி பக்கத்தைத் திறக்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். சில இடங்களில் மொத்த இன்ஜினியரிங் ஸ்கூலின் பேராசிரியர்களையும் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் எம்.இ.எம். மாணவர் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். எனவே ஆள் பட்டியலில் ஆரம்பிக்காமல், கட்டாயப் பாடங்களின் பட்டியலில் ஆரம்பியுங்கள். டியூக்கை எடுத்தால் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், மேனேஜ்மென்ட், அப்புறம் அறிவுசார் சொத்துரிமையும் பிசினஸ் சட்டமும் சேர்ந்த ஒன்று என்று நாலு அடிப்படைப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்த செமஸ்டர் யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பல யுனிவர்சிட்டிகளின் கோர்ஸ் அட்டவணை வெளியாட்களும் பார்க்கும்படி இணையத்திலேயே இருக்கும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அதே பெயர்தானா என்றும் பாருங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஸ்டாஃப்" என்று மட்டும் போட்டிருந்தால் ஆள் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு பாடத்துக்கு அப்படி இருப்பது சகஜம். கட்டாயப் பாடங்களில் பாதிக்கு அப்படி இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அடுத்து, பிசினஸ் ஸ்கூலோடு தொடர்பு என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால், அது எந்த அளவு என்று கேளுங்கள். அவர்கள் ஆள் இங்கே வந்து எடுக்கிறாரா, நீங்கள் அங்கே போய் எம்.பி.ஏ. மாணவர்களோடு உட்காரலாமா, எத்தனை பாடம், இடம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டுமா? அட்மிஷன் ஆபீசுக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டால் பதில் வரும். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். கம்பெனி ப்ராஜெக்ட் இருக்கிறது என்றால் அதை வழிநடத்துவது யார், எத்தனை டீமுக்கு ஒருவர் என்று கேட்டுவிடுங்கள். ஒரே ஆள் இருபது டீமைப் பார்க்கிறார் என்றால் அவர் உங்களைப் பார்ப்பது பிரசன்டேஷன் அன்றைக்கு மட்டும்தான்.

லிங்க்ட்இன்னில் சீனியர்களைப் பிடித்து நாம் வழக்கமாகக் கேட்பது, "அக்கா, வேலை கிடைச்சுதா? எவ்வளவு?" கேளுங்கள், தப்பில்லை, லோன் நம்ம தலையில்தானே. கூடவே ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்களுக்கு ஃபைனான்ஸ் எடுத்தது யார், அவர் என்ன பண்ணினார்? நான் அப்படிக் கேட்டது இரண்டு பேரிடம், இரண்டும் வேறு வேறு யுனிவர்சிட்டி. முதலில் சொன்ன சீனியர் அக்கா, ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை வைத்து அந்த வாத்தியார் தன்னை வகுப்பு நடுவில் பதினைந்து நிமிஷம் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட கதையை, நேற்று நடந்த மாதிரி, இன்னும் கொஞ்சம் கோபத்தோடேயே, நாலு நிமிஷ வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். இன்னொரு அண்ணன், "ஸ்லைடு நல்லா இருந்துச்சுடா, பேர்தான் ஞாபகம் வரல" என்று டைப் பண்ணினார்.